டெமாக்ரிடஸ் அணுவைக் கண்டுபிடித்தாரா? ஒரு கிரேக்கச் சிந்தனை நடந்து வந்த வழி

கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிடஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே அணுவைக் கண்டுபிடித்துவிட்டார் என்கிறார்களே, அது சரியா, கிரேக்கத் தத்துவம் பின்னால் வந்தவர்களின் சிந்தனையை உண்மையில் எப்படி மாற்றியது என்று இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை சொன்னால் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அணுக்கொள்கை ஒன்றையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். டெமாக்ரிடஸ் அணுவைக் கண்டுபிடிக்கவில்லை. தர்க்கத்தில் விழுந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்காக அவர் அணுவை முன்வைத்தார். அப்படி முன்வைக்கப்பட்ட ஒன்று கவிதையாகவும் மனத்துக்கு மருந்தாகவும் மதநிந்தனையாகவும் மாறிமாறி, கடைசியில் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தது.

அந்த முடிச்சைப் போட்டவர் தென் இத்தாலியில் இருந்த எலியா என்னும் கிரேக்க நகரத்தைச் சேர்ந்த பார்மெனிடீஸ். உள்ளது உள்ளது, இல்லாதது இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் அடித்தளம். கேட்கும்போது இதில் மறுக்க எதுவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் இதை ஒப்புக்கொண்ட கணத்தில் அவர் நம்மைப் பிடித்துவிடுகிறார். ஒரு பொருள் புதிதாகத் தோன்றுகிறது என்றால் இல்லாததிலிருந்து தோன்ற வேண்டும். இல்லாததை நினைக்கக்கூட முடியாது என்னும்போது அதிலிருந்து ஒன்று எப்படித் தோன்றும்? ஆகவே தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை, மாற்றமும் இல்லை. நம் கண்முன் பூ மலர்வதும் வாடுவதும் வெறும் மயக்கம். அவர் வழியில் வந்த சாமோஸ் தீவின் மெலிசஸ் இதை இன்னும் இறுக்கினார். ஒரு பொருள் நகர வேண்டுமானால் நகர்வதற்கு வெற்றிடம் வேண்டும், வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாதது, ஒன்றுமில்லாதது இருக்க முடியாது, எனவே நகர்ச்சி கிடையாது என்றார்.

இந்த வாதத்தை எங்கே உடைப்பது என்று நீங்களே ஒரு முறை யோசித்துப் பாருங்கள். லூசிப்பஸும் அவருடைய மாணவராகச் சொல்லப்படும் டெமாக்ரிடஸும் (இவர் கி.மு. 460 அளவில் வட கிரேக்கக் கரையில் இருந்த அப்தெராவில் பிறந்தவர்) செய்த காரியத்தின் அழகு அப்போதுதான் புரியும். மெலிசஸ் சொன்னதில் பெரும்பகுதியை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நகர்ச்சிக்கு வெற்றிடம் வேண்டும் என்பது சரி. ஆனால் நகர்ச்சி இருப்பது கண்கூடு. ஆகவே வெற்றிடமும் இருந்தே ஆக வேண்டும். 'மேடென்' என்றால் கிரேக்கத்தில் ஒன்றுமில்லை என்று பொருள். அதன் முன்னால் நிற்கும் 'மே' என்ற எதிர்மறையை வெட்டிவிட்டு, பேச்சு வழக்கில் இயல்பாக வராத 'டென்' என்ற சொல்லை டெமாக்ரிடஸ் எடுத்துக்கொண்டார். டென் இருக்கும் அளவுக்கு மேடெனும் இருக்கிறது என்றார். பொருள் எவ்வளவு உண்மையோ வெறுமையும் அவ்வளவு உண்மை என்பது இதன் கருத்து. மெய்யாக உள்ளது பிறக்காது, அழியாது என்ற பார்மெனிடீஸின் தீர்ப்பை அவர் கைவிடவும் இல்லை. அந்த அழியாமையை எண்ணற்ற நுண்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அவை சேர்வதைத்தான் நாம் பிறப்பு என்கிறோம், பிரிவதைத்தான் இறப்பு என்கிறோம்.

இங்கே சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் அணு என்றதும் மிகச் சிறியது என்ற எண்ணம் முன்னே வருகிறது. கிரேக்கர் வழங்கிய 'அட்டோமோஸ்' என்ற சொல்லுக்கு வெட்ட இயலாதது என்று பொருள். அவர்களுக்கு அதன் சிறுமை இரண்டாம்பட்சம். வெட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் கத்தி நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் உலகம் முழுவதும் வெறுமையாகக் கரைந்துபோகும் என்பதே வாதத்தின் உயிர். இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான் டெமாக்ரிடஸை இன்றைய இயற்பியலோடு நேராகக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம்.

ஒரே வகைப் பொருளிலிருந்து இத்தனை வகையான உலகம் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் சொன்னதாக அரிஸ்டாட்டில் ஓர் உவமையைப் பதிந்திருக்கிறார். எழுத்துகள் வடிவால் வேறுபடுகின்றன, வரிசையால் வேறுபடுகின்றன, கிடக்கும் நிலையால் வேறுபடுகின்றன. அதே எழுத்துகளைக் கொண்டுதான் துன்பியல் நாடகமும் எழுதப்படுகிறது, இன்பியல் நாடகமும் எழுதப்படுகிறது. தமிழில் இதைப் பார்க்க வேண்டுமானால் தவம் என்று எழுதி, முதல் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் பாருங்கள். வதம் என்று வந்து நிற்கும். எழுத்து ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை, பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. தேனின் இனிப்பும் வேம்பின் கசப்பும் இப்படித்தான் என்பது டெமாக்ரிடஸின் கருத்து. இனிப்பு, கசப்பு, சூடு, குளிர், நிறம் எல்லாம் வழக்கத்தால் உள்ளவை, உண்மையில் உள்ளவை அணுக்களும் வெற்றிடமுமே என்ற அவருடைய வாக்கியம் பின்வந்தோர் எடுத்தாண்டதால் பிழைத்திருக்கிறது.

அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு ஏற்படும் இடம் அதற்கு அடுத்தது. பழங்காலக் கிரேக்க மருத்துவர் காலன் காத்துவைத்த ஒரு துணுக்கில், புலன்கள் அறிவைப் பார்த்துப் பேசுகின்றன: பேதை அறிவே, எங்களிடமிருந்தே சான்றுகளைப் பெற்றுக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா, எங்கள் வீழ்ச்சிதான் உன் வீழ்ச்சி. தன் கொள்கையின் மிகப் பலவீனமான இடத்தைத் தானே தேடிக் கண்டு, எதிராளிக்கு இவ்வளவு வலிமையான குரலைக் கொடுத்தவர்கள் தத்துவ வரலாற்றில் குறைவு. நிறமும் சுவையும் இல்லாத துகள்களிலிருந்து நிறத்தையும் சுவையையும் உணரும் மனம் எப்படி வந்தது என்ற அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான எர்வின் ஷ்ரோடிங்கர் 20ஆம் நூற்றாண்டில் இந்தத் துணுக்கைத் தேடி எடுத்துப் பேசியதற்கு அதுதான் காரணம்.

டெமாக்ரிடஸ் எழுதியவையாக எழுபது வரையிலான நூல்களின் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் அவற்றில் ஒன்றுகூட முழுமையாக மிஞ்சவில்லை. பிளேட்டோ தம் உரையாடல்களில் ஓரிடத்திலும் இவர் பெயரைச் சொல்வதில்லை. இவர் நூல்களையெல்லாம் எரித்துவிட அவர் விரும்பினார் என்று பழைய கதை ஒன்று உண்டு. அரிஸ்டாட்டில் பெயர் சொல்லி, நேர்மையாக வாதத்தை எடுத்துரைத்து, பிறகு மறுத்தார். வெற்றிடம் இருந்தால் அதில் நகரும் பொருள் எந்த இடத்திலும் நிற்கக் காரணம் இராது, அது நடவாத காரியம், ஆகவே வெற்றிடம் இல்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. (தடையில்லாவிட்டால் நகரும் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதைத்தான் பின்னாளில் இயக்கவியல் தன் முதல் விதியாக ஏற்றது.) ஆனாலும் அணுக்கொள்கையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அதை மறுத்த அரிஸ்டாட்டிலின் பக்கங்களிலிருந்தே வருகிறது. கிரேக்கச் செல்வாக்கு என்பதில் மறுத்தவர்களுக்கும் இவ்வளவு பங்கு உண்டு.

கி.மு. 341இல் சாமோஸில் பிறந்து, ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் தம் பள்ளியை நடத்திய எபிகூரஸ் இந்தக் கொள்கையை வேறொரு நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது. இடியும் கிரகணமும் தெய்வத்தின் சினம் என்று மனிதன் நடுங்குகிறான், செத்த பிறகு என்ன ஆகுமோ என்று வாழும்போதே வாடுகிறான். இந்த இரண்டு அச்சங்களையும் போக்காத அறிவினால் பயனில்லை என்பது அவர் நிலை. உயிரும் அணுக்களின் சேர்க்கைதான் என்றால், சாவில் அது கலைந்துவிடும். கலைந்த பிறகு வலியை உணர யாரும் இருக்கப் போவதில்லை. நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. இயற்பியல் அவர் கையில் மனத்தின் அச்சத்துக்கு மருந்தாயிற்று. எபிகூரியன் என்றாலே சுகபோகி என்று பின்னாளில் பொருள் சொன்னார்கள், ஆனால் அவர் இன்பம் என்றது உடலில் வலியின்மையையும் மனத்தில் கலக்கமின்மையையும்தான். இது நெடுங்காலம் நீடித்த ஓர் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

டெமாக்ரிடஸின் உலகில் எல்லாம் கட்டாயத்தால் நடப்பது. அப்படியானால் மனிதன் தானாக எதையும் முடிவு செய்ய முடியாதே என்ற இடர் வருகிறது. நேர்க்கோட்டில் விழும் அணு எப்போதோ எங்கோ மிக இம்மியளவு விலகும், அந்த விலகலால்தான் அணுக்கள் மோதி உலகம் உண்டாகிறது, நம் விருப்பத்துக்கும் இடம் கிடைக்கிறது என்று எபிகூரியர்கள் விடை சொன்னார்கள். இது வலுவில்லாத ஒட்டு என்று பழங்காலத்திலேயே எள்ளினார்கள். ஆனாலும் விடுதலையுள்ள மனத்துக்கு இயற்கையிலேயே ஓரிடம் தேடிய இந்த முயற்சி பின்னால் பலரை ஈர்த்தது.

இந்த விலகல் எபிகூரஸின் எஞ்சிய கடிதங்களில் இல்லை. ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லத்தீனில் பாடிய 'பொருள்களின் இயல்பு' என்ற நூலில் இருக்கிறது. ஆறு பகுதிகளும் 7,400 அடிகள் அளவும் கொண்ட நூல் அது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உண்டு என்பதற்கு அவர் காட்டும் சான்றுகள் எல்லாம் வாசற்படியிலும் வயலிலும் கிடைப்பவை. கடற்கரையில் காயப்போட்ட துணி ஈரமாகிறது, வெயிலில் விரித்தால் உலர்கிறது, ஆனால் நீர் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. விரலில் கிடக்கும் மோதிரம் ஆண்டுக்காண்டு உட்புறம் மெலிகிறது, கூரையிலிருந்து விழும் சொட்டு கல்லைக் குழிக்கிறது, உழும் கொழு தேய்கிறது. நகர வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலையின் வலக்கை, போவோர் வருவோர் தொட்டுத் தொட்டு மெலிந்துபோகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் விடாமுயற்சிக்குச் சொல்வதை அவர் பொருளின் நுண்மைக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். ஒவ்வொரு தொடுகையிலும் ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும், ஆனால் எந்தத் தொடுகையிலும் எதுவும் போனதாகத் தெரியவில்லை. இருட்டறையில் விழும் வெயில் கற்றையில் தூசுகள் ஓயாமல் மோதி ஆடுவதைக் காட்டி, இதற்கும் கீழே கண்ணுக்கு எட்டாத மோதல்கள் இருக்கின்றன என்றும் சொல்கிறார். தூசின் ஆட்டத்துக்கு உண்மையில் பெரும்பாலும் காற்றோட்டமே காரணம். ஆனால் காணும் அசைவுக்குக் காணாத மோதல் காரணமாகலாம் என்ற அந்த எண்ணம் மிகச் சரியானது.

பிறகு நீண்ட இருள் வந்தது. ஆன்மா அழியும், தெய்வம் உலகில் தலையிடாது என்று சொன்ன நூல்களைப் படியெடுக்க ஆர்வமுள்ள மடாலயங்கள் அதிகம் இருக்கவில்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரகத்தில், எபிகூரஸையும் அவரைப் பின்பற்றியவர்களையும் எரியும் கல்லறைகளில் கிடத்தினார். 14ஆம் நூற்றாண்டில் அணுக்கொள்கைக்கு ஆதரவாக வாதிட்ட ஓட்ரேகூர் நிக்கோலஸ் கண்டிக்கப்பட்டார். 1347இல் பாரிஸில் அவர் தம் எழுத்தைத் தாமே எரிக்க நேர்ந்தது.

இதே காலப்பரப்பில் இஸ்லாமிய உலகில் அணுச் சிந்தனை தழைத்திருந்தது. பாஸ்ராவிலும் பாக்தாதிலும் இருந்த, கலாம் என்னும் இஸ்லாமிய இறையியல் மரபைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிரிக்க இயலாத துகள்களை ஏற்றார்கள். அவர்களுக்கு அது இறைவனின் வல்லமையை நிறுவும் கருவியாயிற்று. துகள்களின் பண்புகள் ஒரு கணத்துக்கு மேல் நிலைக்காது, ஒவ்வொரு கணமும் இறைவனே அவற்றைப் புதிதாகப் படைக்கிறான். பஞ்சு நெருப்பைத் தொட்டதும் எரிகிறது என்றால் எரிப்பது நெருப்பு அல்ல, இறைவனின் செயல் என்று 1111இல் மறைந்த அல் கஸாலி வாதிட்டார். எபிகூரஸின் அணுக்களுக்கும் இந்தத் துகள்களுக்கும் உள்ள தொலைவை 12ஆம் நூற்றாண்டின் யூதச் சிந்தனையாளர் மைமோனிடிஸ் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய ஒரே துகள், ஏதென்ஸில் தெய்வத்தின் தலையீட்டை நீக்கவும் பாக்தாதில் தெய்வத்தைத் தவிர மற்றக் காரணங்களை எல்லாம் நீக்கவும் பயன்பட்டது.

1417இல், பதவி பறிக்கப்பட்ட ஒரு போப்பிடம் செயலராக இருந்த பொட்ஜோ பிராச்சொலீனி, ஜெர்மன் மடாலயங்களில் பழைய ஏடுகளைத் தேடி அலைந்தபோது லுக்ரீஷியஸின் நூலைக் கண்டார். அதைப் படியெடுக்கச் செய்து, பிளாரன்ஸில் இருந்த நண்பர் நிக்கோலோ நிக்கோலிக்கு அனுப்பினார். நண்பர் அதைப் பத்தாண்டுகளுக்கு மேல் தம்மிடமே வைத்துக்கொண்டுவிட்டார், திருப்பித் தரும்படி பொட்ஜோ எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பொட்ஜோவின் படி தொலைந்துபோயிற்று. நிக்கோலி தம் அழகிய கையெழுத்தில் எழுதியது பிளாரன்ஸில் இன்றும் இருக்கிறது. இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி முழு நூலையும் தம் கைப்படப் படியெடுத்தார், அணு விலகும் இடத்தின் ஓரத்தில் அதையும் மனத்தின் சுதந்திரத்தையும் இணைத்து ஒரு குறிப்பும் எழுதினார். அந்தப் படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. 1650களில் இதை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்த லூசி ஹட்சின்சன் ஆழ்ந்த பக்தியுள்ள கிறித்தவர். பின்னாளில் அந்த நூலின் கருத்துகளைக் கடுமையாகக் கண்டித்தார், ஆனால் மொழிபெயர்ப்பை அழித்துவிடவில்லை.

சமயத்துக்கு அணு ஏன் அத்தனை ஆபத்தாகத் தோன்றியது என்பதற்கு நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. நற்கருணை என்னும் திருச்சடங்கில் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது, நிறமும் சுவையும் மட்டும் அப்படியே நிற்கின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. அரிஸ்டாட்டிலின் சொற்களைக் கொண்டு இதை விளக்கினார்கள். நிறமும் சுவையும் அணுக்களின் அடுக்கிலிருந்தே வருகின்றன என்றால், அடுக்கு அப்படியே இருக்கும்போது பொருள் மட்டும் எப்படி மாறும்?

இந்தச் சூழலில் அணுவைக் கிறித்தவ உலகம் ஏற்கும்படி செய்தவர் பியர் கஸ்ஸெண்டி என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அணுக்கள் என்றும் உள்ளவை அல்ல, கடவுள் படைத்தவை. அவற்றின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, அவற்றின் இயக்கம் அவர் தந்தது, மனிதனின் அறிவான்மா அவற்றால் ஆனதல்ல. இப்படி நான்கு திருத்தங்களோடு எபிகூரஸை மீட்டார். 1643, 1644 ஆண்டுகளில் இத்தாலிய அறிவியலாளர் டொரிசெல்லியின் கண்ணாடிக் குழாயில் 76 சென்டிமீட்டர் அளவில் பாதரசம் நின்று, அதற்கு மேலே வெற்றிடம் தெரிந்ததும் அரிஸ்டாட்டிலின் மறுப்பு ஆட்டம் கண்டது. ராபர்ட் பாயிலும் நியூட்டனும் அந்த வழியில் வந்தவர்களே. தொடக்கத்தில் கடவுள் திண்மையான, ஊடுருவ முடியாத, நகரும் துகள்களாகப் பொருளைப் படைத்திருக்கலாம் என்று நியூட்டன் எழுதும்போது, சொல்லில் டெமாக்ரிடஸும் எழுவாயில் கஸ்ஸெண்டியும் தெரிகிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்தவை வேறு வகையைச் சேர்ந்தவை. ஜான் டால்டன் 1808இல் தனிமங்களுக்கு எடை விகிதங்களோடு அணுக்களைத் தந்தார். 1905இல் ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத ஆட்டத்துக்கு மூலக்கூறுகளின் மோதலைக் காரணம் காட்டிக் கணக்கிட்டார். சில ஆண்டுகளில் ஜான் பெரின், மரப்பிசின் துகள்களை நீரில் விட்டு, உயரத்துக்கு உயரம் அவை எத்தனை நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணிக் கணக்கைச் சரிபார்த்தார். அதுவரை எதிர்த்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு 1909இல் அணுவை ஏற்றார். கண்டுபிடிப்பு என்ற சொல் பெரினுக்கே பொருந்தும். டெமாக்ரிடஸிடம் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. வெட்ட இயலாதது என்ற அவருடைய முக்கியமான கூற்றோ, ஜே.ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைக் காட்டியபோதே நம் அணுவைப் பொறுத்தவரை தவறாகிவிட்டது. அவருக்கு உரிய பெருமை வேறு: காணும் பண்புகளைக் காணாத அமைப்பைக் கொண்டு விளக்கலாம், அந்த விளக்கத்தில் நோக்கத்தையும் விருப்பத்தையும் சேர்க்க வேண்டியதில்லை என்ற வழியைத் திறந்தவர் அவர். ஆனால் அவரே முழு வெற்றி பெற்றார் என்றும் சொல்லிவிட முடியாது. நவீன இயற்பியலின் அடிப்படைத் துகள்கள் கணித வடிவங்களை ஒத்தவை, ஆகவே அது பிளேட்டோவின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்று வெர்னர் ஹைசன்பெர்க் உறுதியாக நம்பினார்.

இயற்பியலுக்கு வெளியே, தாமஸ் ஜெபர்சன் 1819இல் ஒரு கடிதத்தில் தாமும் எபிகூரியனே என்று எழுதினார். கார்ல் மார்க்ஸ் 1841இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வே டெமாக்ரிடஸின் இயற்கைத் தத்துவத்துக்கும் எபிகூரஸின் இயற்கைத் தத்துவத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. அவருடைய மனம் சாய்ந்தது எபிகூரஸிடம், அதுவும் அந்த இம்மியளவு விலகலிடம்.

இந்த வழி இன்னும் முடியவில்லை. கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அருகில் இருந்த ஹெர்குலேனியம் என்ற ரோமானிய நகரில் ஒரு மாளிகையின் நூலகம் புதைந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே கரித்துண்டுகளைப் போல எடுக்கப்பட்ட பாப்பிரஸ் சுருள்களில் பல, எபிகூரியரான பிலொடேமஸின் எழுத்துகள். எபிகூரஸ் 37 பகுதிகளாக எழுதிய இயற்கை பற்றிய நூலின் சிதறல்களும் அங்கேதான் கிடைத்தன. பிரித்தால் நொறுங்கிவிடும் ஒரு சுருளை, பிரிக்காமலேயே எக்ஸ் கதிர்ப் படங்களையும் கணினியையும் கொண்டு படிக்கும் முயற்சியில் 2023இல் முதல் சொல் தெளிந்தது. அது ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். 2024 தொடக்கத்தில் அதே சுருளிலிருந்து தொடர்ச்சியான பத்திகள் வெளியிடப்பட்டன. கிடைப்பதற்கு அரிதாக இருக்கும் ஒன்று, எளிதாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று அந்தப் பத்திகள் விவாதிக்கின்றன. நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றன.